உறங்காப்புளி: ஆழ்வார் பாடாத மரம்

நம் ஊர்களில் புளியமரத்துக்கு அவ்வளவாக நல்ல பெயர் கிடையாது. அரசு, வேம்பு, ஆல், வில்வம், வன்னி என்று கும்பிடுகிற மரங்களை அடுக்கினால் புளியின் பெயர் சட்டென்று யாருக்கும் வாயில் வராது. புளி என்றால் பேய் குடியிருக்கும் மரம், ராத்திரி அதன் அடியில் கட்டில் போடக்கூடாத மரம். ராத்திரியில் அது கரியமில வாயுவை விடும், அதனால்தான் பெரியவர்கள் அப்படிச் சொன்னார்கள் என்று ஒரு விஞ்ஞான விளக்கமும் உலவுகிறது. அதில் சாரமில்லை. எல்லா மரமும்தான் இரவில் கரியமில வாயுவை விடுகிறது, திறந்த வெளியில் படுத்திருக்கும் ஆளை அது ஒன்றும் செய்யாது. பயம் பயம்தான், அதற்கு வாயுவைத் துணைக்கு அழைக்கத் தேவையில்லை.

அப்படிப்பட்ட ஒரு புளியமரம், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற வழியில், தூத்துக்குடி மாவட்டம் ஆழ்வார்திருநகரியில், ஆதிநாதர் கோயிலுக்குள் மேடை கட்டி, மேடையைச் சுற்றிலும் திவ்ய தேசங்கள் என்கிற, ஆழ்வார்கள் பாடிய ஊர்களின் பெருமாள்களுடைய உருவங்கள் செதுக்கி, "திருப்புளியாழ்வார்" என்று ஆழ்வார் பட்டமே கொடுத்து வணங்கப்படுகிறது. ஊர் மக்களுக்கு அது உறங்காப்புளி. மற்ற புளியமரங்களைப் போல இரவில் இலை மூடாது, பூக்கும், காய்க்கும், ஆனால் பழுக்காது என்பது நம்பிக்கை. வயது 5000 வருஷத்துக்கு மேல் என்பார்கள். கதை தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஏன் ஒரு புளியமரம், அந்தக் கதையில் அதற்கு என்ன வேலை என்று கேட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் ஆழமாகப் போகிறது.

முதலில் கதை. திருக்குருகூர் என்பது ஆழ்வார்திருநகரியின் பழைய பெயர். அங்கே காரி என்று ஒருவர், அவர் மனைவி உடையநங்கை, நாகர்கோவில் பக்கத்துத் திருவண்பரிசாரத்துப் பெண். பிள்ளை இல்லாமல் திருக்குறுங்குடி நம்பியிடம் போய் வேண்டிக்கொள்கிறார்கள், நானே வந்து பிறக்கிறேன் என்கிறார் நம்பி. வைகாசி விசாகத்தில் பிள்ளை பிறக்கிறது. பிறந்த பிள்ளை அழவில்லை, பால் குடிக்கவில்லை, கண் திறக்கவில்லை. ஆனாலும் உடம்பு வாடாமல் வளர்கிறது. பன்னிரண்டாம் நாள் ஆதிநாதர் சன்னிதியில் கொண்டுபோய் விட்டு, உலக இயல்புக்கு மாறாக இருப்பதால் மாறன் என்று பெயர் வைக்கிறார்கள். அந்தக் குழந்தை தவழ்ந்துபோய்ப் புளியமரத்துப் பொந்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பதினாறு வருஷம் அங்கேயே, யோகத்தில், ஒரு வார்த்தை பேசாமல். அந்தப் பிள்ளைதான் நம்மாழ்வார்.

அப்புறம் வருகிறார் மதுரகவி. பக்கத்துத் திருக்கோளூர்க்காரர், பிராமணர், வயதில் மூத்தவர், வேதம் படித்தவர். வடக்கே யாத்திரை போய் அயோத்தியில் இருக்கும்போது தெற்கே ஒரு ஒளி தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்து நடந்து குருகூர் வந்து சேர்கிறார், வந்தால் ஒளி பொந்துக்குள் இருக்கிறது. இந்தப் பையனுக்குக் காது கேட்குமா என்று பார்க்க ஒரு கல்லைத் தூக்கி முன்னால் போடுகிறார். பையன் கண் திறக்கிறான். மதுரகவி கேட்கிறார்: "செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும்?" பதில் வருகிறது: "அத்தைத் தின்று அங்கே கிடக்கும்." செத்தது என்பது அறிவில்லாத உடம்பு, சிறியது என்பது நுண்ணிய உயிர். உடம்புக்குள் வந்த உயிர் அந்த உடம்பு தரும் இன்ப துன்பத்தையே தின்றுகொண்டு அங்கேயே கிடக்கும். பதினாறு வருஷ மௌனத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு இவ்வளவுதான். மதுரகவி அந்த இடத்திலேயே காலில் விழுந்து சீடராகிவிடுகிறார்.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நம்மாழ்வார் வேளாளர் குலம் என்றே மரபு சொல்கிறது. நான்காம் வருணத்தில் பிறந்த ஒரு பதினாறு வயதுப் பையனிடம், வேதம் படித்த வயதான பிராமணர் ஒருவர், அயோத்தி வரை போயும் கிடைக்காத ஒன்றைக் கேட்டு வந்து நிற்கிறார். அதுவும் எங்கே? மடத்திலோ யாகசாலையிலோ இல்லை, பேய் மரம் என்று ஊரே ஒதுக்கும் மரத்தின் பொந்தில். வைணவம் தன் ஆசாரியப் பரம்பரையில் பெருமாள், தாயார், பெருமாளின் படைத்தலைவரான சேனை முதலியார் ஆகியோருக்கு அடுத்ததாக இந்தப் பிள்ளையை வைக்கிறது. பெருமாள் கோயிலில் நம் தலையில் வைக்கிற சடாரி, சடகோபன் என்ற அவர் பெயரையே தாங்குகிறது. சாதி பார்த்துக் குனிய மறுத்த தலைகளும் சடாரிக்குக் குனிந்துதான் ஆக வேண்டியிருந்தது. அதை எத்தனை பேர் உணர்ந்து குனிந்தார்கள் என்பது வேறு விஷயம்.

சரி, மரத்துக்கு வருவோம். நம்மாழ்வார் பாடியது நான்கு நூல்கள்: திருவிருத்தம் 100, திருவாசிரியம் 7, பெரிய திருவந்தாதி 87, திருவாய்மொழி 1102 பாசுரம். இத்தனையிலும் தான் ஒரு புளியமரத்தடியில் இருந்ததாக அவர் எங்கும் சொல்லவில்லை. குருகூரைப் பாடுகிறார். "குன்றம்போல் மணிமாட நீடு திருக்குருகூர்" என்று மாடமாளிகையை எல்லாம் சொல்கிறார், ஆதிப்பிரானைச் சொல்கிறார். மரம் இல்லை. மதுரகவி தன் ஆசிரியரைப் பற்றிப் பாடிய "கண்ணிநுண் சிறுத்தாம்பு" பதினொரு பாசுரம், அதில் பெருமாளைக்கூட ஒதுக்கி வைத்துவிட்டு "தென்குருகூர் நம்பி" என்று சொன்னால் நாவில் அமுது ஊறும் என்கிறார், குயில் நிறைந்த பொழில் சூழ்ந்த குருகூர் என்கிறார். புளி அதிலும் இல்லை.

மரம் விரிவாக வருவது பிற்பாடு எழுந்த குருபரம்பரை நூல்களில், அதாவது ஆழ்வார்கள், ஆசாரியர்களின் வரலாறு சொல்லும் நூல்களில். நம்மாழ்வாரின் காலத்தை ஆராய்ச்சியாளர்கள் பலரும் 8, 9ஆம் நூற்றாண்டு என்று வைக்கிறார்கள். தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடையில் எழுதப்பட்ட ஆறாயிரப்படி குருபரம்பரை அதற்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. அப்படியானால் கதை பொய்யா என்றால், அந்தக் கேள்வியோடு நிற்பவர்களுக்குப் பாதிதான் கிடைக்கும் என்பேன். ஒரு சமூகம் தன் கவிஞரைப் பற்றி என்ன நினைத்தது, எந்த இடைவெளிகளை எப்படி நிரப்பியது என்பதற்கு இந்த மரம்தான் சாட்சி. இரண்டு பெரிய இடைவெளிகள் இருந்தன, இரண்டிலும் மரம்தான் போய் நிற்கிறது.

முதல் இடைவெளி இது. நம்மாழ்வார் பாடிய ஊர்களைப் பாருங்கள்: திருவேங்கடம், திருவரங்கம், குடந்தை, அப்புறம் மலைநாட்டில், அதாவது இன்றைய கேரளத்தில், திருவனந்தபுரம், திருவல்லவாழ், திருக்காட்கரை, திருமூழிக்களம், திருக்கடித்தானம், திருவாறன்விளை என்று ஒரு பெரிய வரிசை. பொந்தை விட்டு இறங்காத பிள்ளைக்கு இந்த ஊர்களின் வயலும் பொழிலும் குளமும் எப்படித் தெரிந்தன? மரபின் பதில் அழகானது: அவர் போகவில்லை, அந்தந்த ஊர்ப் பெருமாள்கள் எனக்கொரு பாட்டு, எனக்கொரு பாட்டு என்று புளியமரத்துக்கே வந்து காட்சி கொடுத்தார்கள். மேடையைச் சுற்றிப் பெருமாள்களைச் செதுக்கி வைத்திருப்பது இந்த நம்பிக்கையைத்தான். வரலாற்றுக்காரர்கள் கவிஞர் நடந்து போய்ப் பார்த்திருப்பார் என்பார்கள். பொருநை என்கிற தாமிரபரணியின் கரைக்கும் மலைநாட்டுக்கும் கணவாய் வழியாக எப்போதுமே போக்குவரத்து உண்டு, அவர் தாயின் ஊரே அந்தத் திசையில் இருந்ததாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று படுகிறது. ஆனால் பக்தன் தெய்வத்தைத் தேடி அலைய வேண்டாம், தெய்வம்தான் பாட்டுக்கு ஏங்கி வரும் என்ற எண்ணம் தமிழின் மீது வைத்த எவ்வளவு பெரிய நம்பிக்கை! வடமொழி வேதத்துக்குச் சமமாக ஒரு தமிழ் நூலை வைத்தவர்களால் மட்டுமே அப்படி ஒரு கதையைச் சொல்ல முடியும்.

இரண்டாவது இடைவெளி, பாட்டுகள் காணாமல் போனது. காட்டுமன்னார்கோயிலில், அன்றைய வீரநாராயணபுரத்தில், வைணவ ஆசாரியர் நாதமுனிகள் இருந்த காலத்தில் தெற்கேயிருந்து வந்த சிலர் பெருமாள் முன்னால் "ஆராவமுதே" என்று ஒரு பதிகம் பாடுகிறார்கள். கடைசிப் பாட்டில் "குருகூர்ச் சடகோபன் குழலின் மலியச் சொன்ன ஓராயிரத்துள் இப்பத்தும்" என்று வருகிறது. மீதி எங்கே என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியவில்லை. நாதமுனிகள் குருகூருக்கே போகிறார். அங்கே மதுரகவி வழிவந்த பராங்குசதாசர் என்பவரிடமும் முழுசாக இல்லை, கண்ணிநுண் சிறுத்தாம்பு மட்டும் இருக்கிறது. திருப்புளியாழ்வார் முன்னால் அமர்ந்து அதை 12,000 முறை சொன்னால் ஆழ்வார் இரங்குவார் என்கிறார் அவர். நாதமுனிகள் சொல்கிறார். நம்மாழ்வார் தோன்றித் தன் பாட்டுகளோடு மற்ற ஆழ்வார்களின் பாட்டுகளையும் சேர்த்து நாலாயிரத் திவ்யப் பிரபந்தம் முழுவதையும் கொடுக்கிறார்.

இந்த இடத்தில் பாட்டின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். திருவாய்மொழி அந்தாதி. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம், கடைசிப் பாசுரத்தின் "உயர்ந்தே" முதல் பாசுரத்தின் "உயர்வற"வோடு போய்ச் சேரும். பதிகத்துக்குப் பதிகம் கடைசிப் பாட்டில் ஆசிரியர் பெயர் இருக்கும், மொத்தம் ஆயிரம் என்ற கணக்கு இருக்கும், படித்தால் என்ன பலன் என்றும் இருக்கும். நடுவில் ஒரு பாட்டு விழுந்தால் சங்கிலி அறுந்தது உடனே தெரியும், பத்துப் பாட்டு மட்டும் கையில் கிடைத்தாலும் ஆயிரம் இருந்தது தெரியும். நாதமுனிகளுக்கு விஷயம் பிடிபட்டதே பாட்டுக்குள்ளேயே இருந்த இந்தக் கணக்கால்தான். எழுத்தை நம்பாமல் வாயை நம்பி வாழ்ந்த ஒரு நூல், தன்னைத் தொலையாமல் காத்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது.

முற்றிலும் தொலைந்துதான் போயிருந்ததா, அல்லது அங்கங்கே சிதறி ஓதப்பட்டதை நாதமுனிகள் தொகுத்தாரா என்றால், நான் தொகுத்தார் என்ற பக்கம்தான் நிற்பேன். 11ஆம் நூற்றாண்டில் ராஜேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டிலேயே திருவாய்மொழி ஓதுவதற்கு ஏற்பாடு செய்த செய்தி வந்துவிடுகிறது. அதற்குள் அது கோயில் நடைமுறையாகிவிட்டது என்று அர்த்தம். ஆனால் தொகுத்த பெருமையை நாதமுனிகளுக்குக் கொடுக்காமல் மரத்தடியில் கிடைத்தது என்று மரபு வைத்துவிட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. பாட்டு குருகூருக்குச் சொந்தம், அங்கே போய்க் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது, மதுரகவியின் பதினொரு பாட்டைக் கைவிடாமல் வைத்திருந்தவர்கள்தான் வாசலைத் திறந்தார்கள்.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன், ஏன் புளி? ஆலோ அரசோ இருந்திருக்கலாமே. தலபுராணம் சொல்லும் காரணம் ராமாயணத்தின் கடைசிக்குப் போகிறது. காலன் ராமனோடு தனியாகப் பேச வருகிறான், யாரையும் உள்ளே விடாதே என்று லட்சுமணனைக் காவல் வைக்கிறான் ராமன். துர்வாசர் வந்து மிரட்டுகிறார், லட்சுமணன் விட்டுவிடுகிறான். ராமனின் கோபம் சாபமாகிறது: அசையாத மரமாகப் போ. பிறகு மனம் இரங்கி, நானே வந்து பதினாறு வருஷம் உன் மடியில் இருப்பேன் என்கிறான். வனவாசம் பதினான்கு வருஷமும் கண் மூடாமல் காவல் இருந்தவன் லட்சுமணன், மரமான பிறகும் தூங்கவில்லை. நம்மாழ்வார் ராமனா, குறுங்குடி நம்பியா, குருபரம்பரை சொல்கிறபடி சேனை முதலியாரின் அம்சமா என்று மூன்று கதையும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன. கோயிலில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. லட்சுமணன் ஆதிசேஷன், ஆதிசேஷன் பெருமாளுக்கு எல்லாமாக இருப்பவன். "சென்றால் குடையாம் இருந்தால் சிங்காசனமாம்" என்று பொய்கையாழ்வார் அடுக்குகிறாரே, அந்த வரிசையில் மரப்பொந்தும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

ஆனால் இந்தக் கதைக்குப் புளிதான் பொருத்தம், வேறு மரம் சரிப்படாது. ஏனென்றால் புளி தூங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சாயங்காலம் ஒரு புளியங்கொத்தைக் கிட்டத்தில் பாருங்கள்: நடுக்காம்பின் இரு பக்கமும் பத்து முதல் இருபது இணை வரை இருக்கும் குட்டி இலைகள், வெளிச்சம் இறங்க இறங்க ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து, இருட்டுவதற்குள் ஜோடி ஜோடியாக மூடிக்கொள்ளும். ஒவ்வொரு குட்டி இலையின் அடியிலும் சின்னப் புடைப்பு ஒன்று உண்டு. அதன் செல்களுக்குள் பொட்டாசியம் அயனிகள் போகும்போது தண்ணீரும் கூடவே போய் உப்பும், வெளியேறினால் சுருங்கும். ஒரு பக்கம் உப்பி மறுபக்கம் சுருங்குவதால் இலை திரும்புகிறது. வெளிச்சம் போவது மட்டும் காரணமில்லை, உள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. 1729இல் பிரெஞ்சு அறிஞர் தெ மைரான் ஒரு தொட்டாற்சிணுங்கி வகைச் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார், வெயிலே படாமலும் அது பகலில் விரிந்து இரவில் மூடியது. உடம்புக் கடிகாரம் பற்றிய ஆராய்ச்சியெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதனால் தூங்காத புளி என்றால், கிராமத்து ஆள் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய அதிசயம் என்பது உடனே புரியும். தூங்காத ஆலமரம் என்று சொன்னால் யாருக்கு என்ன?

இந்த எண்ணம் குருகூரோடு நிற்கவில்லை. நாகப்பட்டினம் பக்கம் திருக்கண்ணங்குடியிலும் ஒரு உறங்காப்புளி கதை உண்டு. அரங்கன் கோயில் மதில் திருப்பணிக்காகத் திருமங்கையாழ்வார் நாகையிலிருந்து தங்கப் புத்தர் சிலையை எடுத்து வருகிறார். வழியில் இருட்டிவிடுகிறது, வயலில் புளியமரத்தடியில் புதைத்துவிட்டு, நான் அசந்தாலும் நீ தூங்காதே என்று மரத்திடம் சொல்லிவிட்டுப் படுக்கிறார். காலையில் உழவர்கள் வர, மரம் இலைகளை அவர் மேல் உதிர்த்து எழுப்பிவிடுகிறது. "உறங்காப்புளி, தேரா வழக்கு, ஊறாக் கிணறு, காயா மகிழ் திருக்கண்ணங்குடி" என்ற சொலவடை அங்கிருந்து வந்தது. நாகையில் பௌத்தம் செழித்திருந்தது வரலாறு, சூடாமணி விகாரம் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் ஆதரவில் எழுந்தது. அந்தச் சமயப் பகையின் சுவடு இந்தக் கதையில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும். அங்கே மரம் திருடிய பொருளுக்குக் காவல், குருகூரில் ஒரு குழந்தைக்குக் காவல்.

பழுக்காது என்ற நம்பிக்கையும் சும்மா வந்ததில்லை. புளியை நாம் எப்போதும் கணக்குப் போட்டுத்தான் பார்த்திருக்கிறோம். குறுந்தொகைத் தலைவியே "தீம்புளிப் பாகர்" சமைத்து வைக்கிறாள். இன்றைக்கும் சாலையோரப் புளியமரங்களின் காய் வருஷா வருஷம் ஏலத்துக்குப் போகிறது. பழுக்காத புளியை யாரும் உலுக்க வர மாட்டார்கள், ஏலம் கேட்க மாட்டார்கள், கிளையை முறிக்க மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. ஞானிக்கு உவமை சொல்லும்போது நம் பெரியவர்கள் புளியம்பழமும் ஓடும் போல என்பார்கள். உள்ளே இருந்தும் ஒட்டாமல் இருப்பது. பிறந்த நாள் முதல் உடம்போடு ஒட்டாமல் இருந்த பிள்ளைக்கு இதைவிட வேறு எந்த மரம் பொருந்தும்?

வயது பற்றியும் சொல்ல வேண்டும். 5000 வருஷம் என்பது, நம்மாழ்வார் கலியுகம் தொடங்கிய 43ஆம் நாள் பிறந்தார் என்ற மரபுக் கணக்கிலிருந்து வருகிறது. கலியுகத் தொடக்கம் கி.மு. 3102 என்பதால் கணக்கு அங்கே போய் நிற்கிறது, மரத்தை அளந்து சொன்னதில்லை. புளி நூறு, இருநூறு வருஷம் சாதாரணமாக வாழும், அதற்கு மேலும் போகும். நம் வெப்பநிலத்து மரங்களில் ஆண்டு வளையம் ஒழுங்காக விழாது, வயதான புளியின் நடுவயிரம் பெரும்பாலும் உளுத்துப் பொந்தாகிவிடும், ஆகவே எண்ணுவதற்கு உள்ளே ஒன்றும் மிஞ்சாது. அதே சமயம் புளிக்கு ஒரு குணம் உண்டு, வெட்டினாலும் அடியிலிருந்து தழைக்கும், வேரிலிருந்தும் கன்று கிளம்பும். ஒரே வேர் பல தலைமுறைத் தண்டுகளை எழுப்பியபடி ஓரிடத்தில் நெடுங்காலம் நிற்பது நடக்கக்கூடியதுதான்.

அந்த இடத்தை விட்டு அது நகரவில்லை என்பதற்கு 14ஆம் நூற்றாண்டுக் கதை ஒன்று இருக்கிறது. மதுரை சுல்தான்கள் காலத்துக் குழப்பத்தில் நம்மாழ்வார் திருமேனியைத் தூக்கிக்கொண்டு மேற்கே மலைநாட்டுக்கும் அங்கிருந்து திருக்கணாம்பிக்கும் போய்விட்டார்கள். ஊர் காடு மண்டிப்போனது. பிறகு திருவாய்மொழிப்பிள்ளை என்ற வைணவ ஆசாரியர் வந்து காட்டை வெட்டி, ஊரைச் சீராக்கி, ஆழ்வாரைத் திரும்பக் கொண்டுவந்து அமர்த்தினார். அவர் சீடர்தான் 1370இல் பிறந்த மணவாள மாமுனிகள். சிலையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், பாட்டை மனசில் எடுத்துக்கொண்டு போகலாம். மரத்தை என்ன செய்வது? திரும்பி வந்தவர்களுக்கு ஊர் எது, சன்னிதி எது என்று அடையாளம் காட்ட அதுதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்று வைகாசித் திருவிழாவில் ஐந்தாம் நாள், சுற்றுவட்டாரத்து ஒன்பது திவ்ய தேசங்களான நவதிருப்பதியின் பெருமாள்கள் ஒன்பது பேரும் கருடன் மேல் இங்கே வந்து கூடுகிறார்கள், ஆழ்வார் அன்ன வாகனத்தில் எதிர்கொள்கிறார். பெருமாள்கள் மரத்தடிக்கு வந்து பாட்டு வாங்கிய கதையை ஊரே சேர்ந்து நடத்திக் காட்டுவதுதான் அது. பாசுரங்களை இசையோடும் அபிநயத்தோடும் பாடும் அரையர் சேவை இன்னும் உயிரோடு இருக்கும் சில கோயில்களில் இதுவும் ஒன்று.

மரத்தை நினைத்தால்தான் எனக்குக் கவலை. பொதுவாகவே கோயில் மரங்களை நாம் கும்பிட்டே கொல்கிறோம். வேர் ஓடும் இடம் முழுக்கக் கல்லும் சிமெண்டும், அடியில் நெய்விளக்கின் சூடு, தண்டில் இறுக்கிக் கட்டிய கயிறு, பொந்தில் தேங்கும் தண்ணீர். பொந்து விழுந்த வயதான மரத்துக்குப் பூஞ்சை ஒன்று போதும். மரத்தைச் சுற்றி மண் மூச்சு விடும்படி நாலடி திறந்து வைப்பதும், விளக்கைத் தள்ளி ஏற்றுவதும் ஆகமத்துக்கு விரோதமான காரியம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒட்டுக் கன்று. புளியில் ஒட்டுக்கட்டுவது பெரிய வித்தை இல்லை, பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 புளி ஒட்டுக் கன்றாகவே தோட்டங்களுக்குப் போகிறது. திருப்புளியாழ்வாரின் ஒரு கொம்பிலிருந்து அப்படிக் கன்று எடுத்துக் கோயில் நந்தவனத்தில் வைத்தால், வருவது அதே மரம்தான். பழுக்காத மரத்துக்கு விதை வழியில் வாரிசு வர வழியில்லை, ஒட்டுக்கான கொம்பை மரம் நன்றாக இருக்கும்போதே எடுத்தாக வேண்டும்.